பந்தியும் பட்டியலும்

(ஆலய ஆண்டுத் திருவிழாவில் மகேசுவர பூசைக்குப் பின் நடைபெற்ற கூட்டத்தில், நிர்வாகக் குழு உறுப்பினரும் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கிள்ளானிலிருந்தும் பந்திங்கிலிருந்தும் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்தும், தொலைவில் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்தும்கூடப் பாலம் கடந்து கேரி தீவுக்கு வந்திருக்கிறீர்கள்.

'அன்னதானத்தின் சிறப்பு' என்ற தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். சாத்திரம் பார்த்துப் பேசுவதற்கு என்னைவிடக் கற்றவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நான் 38 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிகளில் பாடம் சொல்லிக் கொடுத்தவன். ஆகவே பள்ளி வாத்தியாரின் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். குற்றம் இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

இன்று மதியம் நான் அடுப்படி ஓரமாக நின்று பந்தியைக் கவனித்துக் கொண்டிருந்தேன். ஒரே வரிசையில் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி உட்கார்ந்திருந்தார். அவருக்கு அடுத்து கிள்ளானில் பெரிய கடை வைத்திருக்கும் அன்பர். அவருக்கு அடுத்து, வழி கேட்டு வந்த வங்காளதேசத்துத் தோட்டத் தொழிலாளர் இருவர். பரிமாறிய நம் பிள்ளைகள் யாரும், "உங்கள் மாதச் சம்பளம் எவ்வளவு? உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா?" என்று கேட்கவில்லை. இலை போட்டார்கள், சோறு வைத்தார்கள். பசித்து வந்தவருக்கு இலை உண்டு என்பதுதான் பந்தியின் சட்டம்.

வடலூரில் வள்ளல் பெருமான் 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய போதும் இதுவே சட்டமாக இருந்தது. அதற்கு முந்திய ஆண்டில் தென்னாட்டைப் பஞ்சம் வாட்டியது. சாதி, மதம், ஊர் எதுவும் பாராமல் பசித்தவருக்குச் சோறு என்று அவர் வகுத்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. நம் ஆலயத்து அன்னதானமும் அந்த மரபில் வந்ததுதான்.

ஆனால் அன்பர்களே, ஆலயம் சோறு போடுவது ஆண்டில் சில நாள்கள். அரசாங்கத்தின் உணவுத் திட்டங்களோ ஆண்டு முழுவதும் இலட்சக்கணக்கான வயிறுகளைத் தொடுகின்றன. அங்கே பந்தி இல்லை, பட்டியல்தான் உண்டு. அந்தப் பட்டியலை எழுதிய கைகளில் என் கையும் ஒன்று. அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

நான் எழுதிய பட்டியல்

ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் உணவு வழங்கும் கூடுதல் உணவுத் திட்டம் நம் நாட்டில் 1979-இல் தொடங்கியது. ஆசிரியர்கள் இதை 'ஆர்.எம்.டி.' என்பார்கள். அதையடுத்து 1983-இல் பள்ளிப் பால் திட்டம் வந்தது. இவை நல்ல திட்டங்கள். காலையில் வெறும் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் தின்றுவிட்டு வந்த எத்தனையோ பிள்ளைகள் இவற்றால் நிமிர்ந்து உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். அதை என் கண்ணால் கண்டவன் நான். எனவே நான் சொல்லப் போவது திட்டத்தைக் குறை கூறுவதற்காக அல்ல.

வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில், நான் பணியாற்றிய தோட்டப் பள்ளி ஒன்றில் இத்திட்டத்துக்கான பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பெற்றோரின் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட தொகைக்குக் கீழே இருந்தால் பெயர் உள்ளே; மேலே இருந்தால் வெளியே. நானும் கணக்கு வாத்தியார் போலக் கோடு கிழித்து எழுதினேன்.

நான்காம் வகுப்பில் ஒரு பையன். தகப்பனார் குலை வெட்டுபவர். வீட்டில் பாட்டியோடு சேர்த்து எட்டு வாய். நான் சீட்டு வாங்கிய மாதமோ குலை அதிகமாக இறங்கிய மாதம். கூடுதல் வேலை பார்த்ததால் தகப்பனாரின் சம்பளம் கோட்டுக்குச் சற்று மேலே போய்விட்டது. அடுத்த மாதமே அது கீழே இறங்கியிருக்கும். ஆனால் என் கையில் இருந்தது அந்த மாதத்துச் சீட்டு. பையனின் பெயரை நான் எழுதவில்லை.

அந்த ஆண்டு முழுவதும் ஓய்வு நேரத்தில் அவன் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விடுவான். மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை அங்கேயே நின்று தண்ணீர் குடித்துக் கொண்டிருப்பான். கேட்டால், "பசிக்கல சார்" என்பான். ஒரு திங்கட்கிழமை சபைகூடலில் மயங்கி விழுந்தான். தூக்கிக் கொண்டு போய் உட்கார வைத்து, என் சாப்பாட்டைக் கொடுத்தேன். அன்றைக்கு ஒரு நாள் கொடுத்தேன். மற்ற நாள்களுக்கு?

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பட்டியலில் இருந்த பிள்ளைகளுக்கும் நிம்மதி இல்லை. மணி அடித்ததும் அவர்கள் தனி மேசையில் போய் உட்கார வேண்டும். மற்றப் பிள்ளைகள் அதைத் 'தர்மச் சோறு' என்று கேலி பேசினார்கள். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி அந்தச் சொல்லைக் கேட்ட நாள் முதல் மேசைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அவளுடைய தட்டு மூடியபடியே இருக்கும். ஆக, நான் எழுதிய ஒரே பட்டியல், உள்ளே இருந்த பிள்ளையையும் வெளியே நின்ற பிள்ளையையும் பட்டினி போட்டது. சட்டப்படி நான் எந்தத் தவறும் செய்யவில்லை. அதுதான் என்னை இன்று வரை உறுத்துகிறது.

கோடு நகர்ந்த கதை

ஏழை யார் என்று கோடு கிழிப்பது எவ்வளவு நிச்சயமற்ற காரியம் என்பதற்கு நாட்டளவில் ஒரு சான்று உண்டு. 2016-ஆம் ஆண்டு நிலவரப்படி மலேசியாவில் வறுமையில் இருந்த குடும்பங்கள் நூற்றுக்கு அரை கூட இல்லை, 0.4 விழுக்காடுதான் என்று அரசாங்கக் கணக்குச் சொன்னது. அப்போது வறுமைக் கோடு குடும்பத்துக்கு மாதம் சுமார் 980 வெள்ளி. 2019 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்புப் பிரதிநிதி பிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்து, இந்தக் கோடு நடைமுறைக்குப் பொருந்தாது என்று வெளிப்படையாகச் சொன்னார். 2020-இல் அரசாங்கமே கணக்கிடும் முறையை மாற்றி, 2,208 வெள்ளி என்று புதிய கோட்டை அறிவித்தது. அதன்படி 2019-இல் வறுமையில் இருந்த குடும்பங்கள் 5.6 விழுக்காடு.

எண்ணிப் பாருங்கள். கோடு நகர்ந்த அன்று எந்த வீட்டிலும் புதிதாக உலை வற்றவில்லை. ஏற்கெனவே வற்றியிருந்த உலைகள் அன்றுதான் ஏட்டில் ஏறின. அதுவரை அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் குழாயடியில் நின்று "பசிக்கல சார்" என்று சொல்லிக் கொண்டிருந்தவர்கள்தாம்.

ஆவணத்தாலும் ஆட்கள் வெளியே நிற்கிறார்கள். 2025-இல் அரசாங்கம் 'சாரா' என்ற உதவியின் கீழ், 18 வயது நிறைந்த குடிமக்கள் அனைவருக்கும் அடிப்படைப் பொருள்கள் வாங்க 100 வெள்ளி வழங்கியது. ஆகஸ்ட் 31 முதல் அடையாள அட்டையைக் கடையில் காட்டியே பொருள் வாங்கலாம் என்று ஏற்பாடு. ஏழை, பணக்காரர் என்று பிரிக்காமல் சுமார் 2 கோடியே 20 இலட்சம் பேருக்குக் கொடுத்தது பாராட்டத்தக்கது. ஆனால் இந்த மண்ணிலேயே பிறந்து, பால் மரம் வெட்டி, செம்பனை நட்டு, இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் நம் முதியவர்கள் குடிமக்கள் கணக்கில் வர மாட்டார்கள். பிறப்புப் பத்திரச் சிக்கலில் மாட்டிக் கொண்ட நம் இளைஞர்களும் அப்படியே. எல்லாருக்கும் என்று சொல்லும்போதுகூட, எல்லாரும் என்பது யார் என்ற கேள்வி மிஞ்சி நிற்கிறது.

பட்டியல் இல்லாமல் கொடுக்க முடியாதா? முடியும். நம் தீவிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. சுங்கை பும்புன் கம்போங்கில் வாழும் மா மெரி பூர்வகுடி மக்களை நாம் எல்லாரும் அறிவோம். அவர்கள் செதுக்கும் மர முகமூடிகள் உலகப் புகழ் பெற்றவை. கூடுதல் உணவுத் திட்டத்தில், பூர்வகுடிப் பிள்ளைகள் அனைவருக்கும் பெற்றோரின் வருமானம் பாராமல் உணவு உண்டு. சிறப்புக் கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். அவர்களில் யாரும் சம்பளச் சீட்டைக் காட்டித் தன் பசியை நிரூபிக்க வேண்டியதில்லை. இந்த நியாயம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏன் பொருந்தக் கூடாது?

அப்படி ஒரு முயற்சியும் நடந்தது. தொடக்கப்பள்ளி மாணவர் எல்லாருக்கும், சுமார் 27 இலட்சம் பேருக்கு, இலவசக் காலை உணவு என்று 2019-இல் கல்வி அமைச்சு அறிவித்தது. 2020 ஜனவரியில் 100 பள்ளிகளில் முன்னோட்டம் தொடங்கியது. அதற்குள் அமைச்சர் மாறினார், ஆட்சி மாறியது, கோவிட் வந்து பள்ளிகளே மூடப்பட்டன. அத்திட்டம் நாடு முழுவதும் பரவவில்லை. பட்டியல் முறையே தொடர்ந்தது. 2023-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தீபகற்பத்தில் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கான தொகை 2 வெள்ளி 50 காசிலிருந்து 3 வெள்ளி 50 காசாக உயர்ந்தது. அதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

தமிழகம் கண்ட வழி

எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறு போட்டால் நாடு தாங்குமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழகம் இதற்கு நூறு ஆண்டுகளாக விடை தேடி வந்திருக்கிறது.

1920-இல் சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வர வேண்டும் என்பதே நோக்கம். பின்பு 1956-இல் முதலமைச்சர் காமராசர் அதை மாநிலம் தழுவிய திட்டமாக்கினார். இங்கே அமர்ந்திருக்கும் நன்கொடையாளர்கள் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அந்தத் திட்டம் முழுக்க அரசாங்கப் பணத்தில் எழவில்லை. ஊர்மக்கள் நெல்லும் பணமும் கொடுத்தார்கள். அரசாங்கம் தன் பங்கைச் சேர்த்தது. கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று அந்தப் பணியை ஒருங்கிணைத்தார். கொடையாளர் தொடங்கி வைத்ததைப் பின்னர் அரசாங்கம் தன் கடமையாக ஏற்றுக் கொண்டது.

1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். கஜானா காலியாகும் என்று அன்று பலர் எச்சரித்தார்கள். அதற்குப் பின் வந்த ஆட்சிகளோ திட்டத்தை நிறுத்தவில்லை. ஒன்றோடு ஒன்று போட்டியிட்டு முட்டையையும் பயறையும் சேர்த்தன. 2001 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தையும் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டு அது அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது.

அங்கே குறை இல்லையா? உண்டு. அழுகிய முட்டை என்று செய்தி வரும். சமைப்பவர் இன்ன சாதி என்று சொல்லிப் பிள்ளையை அனுப்ப மறுத்த பெற்றோர் பற்றியும் செய்தி வந்தது. ஆனால் ஒரு பெரிய உண்மை உண்டு. சாப்பிட விரும்பும் பிள்ளை எல்லாம் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. அங்கே தனி மேசை கிடையாது. எல்லாரும் சாப்பிடும் இடத்தில் 'தர்மச் சோறு' என்று யார் யாரைக் கேலி பேசுவது? அது பந்தியாகிவிடுகிறது.

என்ன சோறு?

இதுவரை யாருக்குச் சோறு என்று பேசினேன். இனி, என்ன சோறு என்று பேச வேண்டும். இதில் அரசாங்கத்துக்கு மட்டுமல்ல, நமக்கும் பங்கு உண்டு.

நூற்று இருபது ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்போது மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் மரத்துப் போகும், உடல் வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெருமளவில் மாண்டார்கள். தோட்டத்துத் தமிழர்களை மலேரியா வாரிக் கொண்டு போனது. ஆனால் பெரிபெரி அவ்வளவாக அண்டவில்லை. ஏன் என்று மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள்.

1905-06-இல் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்தார். ஒரு பகுதிக்குத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. மறு பகுதிக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசி உண்டவர்களில் பலரைப் பெரிபெரி தாக்கியது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்களில் ஒருவர்கூட அந்த நோயால் இறக்கவில்லை. அந்த நோயாளிகளை யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது. பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர், அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு சத்துதான் காரணம் என்று நிறுவினார்கள். நெல்லைப் புழுக்கும்போது அச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னாளில் அதற்கு உயிர்ச்சத்து பி1 என்று பெயர் வந்தது.

நம் பாட்டிமார் நெல்லைப் புழுக்கிய பழக்கம் நம் மக்களைக் காத்தது. ஒரு சமூகத்தின் ஆயுளை அதன் சோற்றுப் பானை தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பானை எப்படி இருக்கிறது? 2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது சுமார் 31 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். அன்று நோயில் கடைசியில் நின்ற நாம், இன்று முதலில் நிற்கிறோம். இந்தக் கூடத்தில் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். எத்தனை பேர் காலில் ஆறாத புண் இருக்கிறது, எத்தனை பேர் வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குக் கிள்ளானுக்குப் போய் வருகிறீர்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இது பரம்பரை நோய் என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளக் கூடாது. பரம்பரைக்கும் பங்கு உண்டு. விலைக்கும் பங்கு உண்டு. நம் நாட்டில் நெடுங்காலம் எந்தப் பொருள்கள் மலிவாக இருக்கும்படி அரசாங்கம் பார்த்துக் கொண்டது? அரிசி, கோதுமை மாவு, சீனி, சமையல் எண்ணெய். ஏழை பட்டினி கிடக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். வயிறு நிறைந்தது, சத்து நிறையவில்லை. தோட்டத்து வீட்டில் கறுப்புத் தேநீரில் மூன்று கரண்டி சீனி போட்டுக் குடித்துவிட்டு வேலைக்குப் போனோம், அதுதான் மலிவான தெம்பு என்பதால். சீனிக்கான மானியம் கிலோவுக்கு 34 காசு என்றிருந்த நிலையில், 2013 அக்டோபர் 26-இல்தான் அது நீக்கப்பட்டது. நீரிழிவும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு வரி வந்தது. ஆனால் 2022-இல் முட்டைக்குக் கொடுக்கத் தொடங்கிய மானியமும் 2025 ஆகஸ்ட் முதல் நாளோடு முடிந்துவிட்டது. ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் மட்டும் 2 வெள்ளி 50 காசுக்குக் கிடைக்கிறது. செம்பனைத் தீவில் குலை வெட்டுகிற நமக்கு எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. அந்த எண்ணெயில் என்ன பொரிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இதன் விளைவை நம் பிள்ளைகளின் உடம்பில் பார்க்கலாம். 2022-ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.2 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டம் மூடப்பட்டு மலிவு விலை அடுக்குமாடி வீடுகளுக்குப் போன நம் குடும்பங்களிலும் இதைக் காணலாம். ஒரே வீட்டில் வளர்ச்சி குன்றிய குழந்தையும், அளவுக்கு மிஞ்சிய எடையுள்ள தாயும் இருக்கிறார்கள். இருவரும் உண்பது ஒரே உணவு: மலிவாக வயிறு நிறைக்கும் உணவு. எனவே உதவி என்பது எத்தனை வெள்ளி என்பதோடு முடிந்துவிடாது. அந்த வெள்ளியில் பருப்பும் முட்டையும் கீரையும் வீட்டுக்குள் வர வேண்டும்.

நம் கையில் இருப்பது

அன்பர்களே, அரசாங்கம் யாருக்கு என்று மிகவும் கேட்கிறது. ஆலயம் யாருக்கு என்று கேட்பதே இல்லை. அது நம் பெருமை. ஆனால் என்ன சோறு என்று நாம் கேட்டோமா?

சென்ற தீபாவளிக்கு வசதி குறைந்த குடும்பங்களுக்கு நாம் வழங்கிய அன்பளிப்புப் பையை நினைத்துப் பாருங்கள். பை கட்டும் மேசையில் நானும் நின்றேன். இரண்டு கிலோ சீனி, இனிப்புப் பால் டின், உடனடி மீ, பிஸ்கட், சிராப் போத்தல், வெள்ளை அரிசி. பை வாங்க வந்த ஓர் அம்மையார் ஒரு காலை இழந்தவர். நீரிழிவால் இழந்தார். அவர் கையில் நானே அந்தப் பையைக் கொடுத்தேன். அவர் இரு கை கூப்பி வாங்கிக் கொண்டார். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முன்பு பட்டியல் எழுதிய அதே கைதானே இது என்று தோன்றியது.

ஆகவே நிர்வாகக் குழுவின் முன்னும் உங்கள் முன்னும் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, அன்பளிப்புப் பை. சீனி, இனிப்புப் பால், சிராப், உடனடி மீ இவற்றை நீக்கிவிட்டு, துவரம் பருப்பு, பச்சைப் பயறு, கொண்டைக் கடலை, நிலக்கடலை, புழுங்கல் அரிசி இவற்றை வைப்போம். செலவு சற்றுக் கூடும். பையின் எண்ணிக்கையைக் குறைக்காமல் அந்தக் கூடுதல் செலவை ஏற்கக் கொடையாளர்கள் முன்வர வேண்டும்.

இரண்டாவது, பந்தி. ஒரு நண்பர் என்னிடம், "வாத்தியாரே, பாயசம் இல்லாத பந்தி ஒரு பந்தியா?" என்று கேட்டார். பாயசத்தை நான் நிறுத்தச் சொல்லவில்லை, அது பிரசாதம். சிறு கிண்ணத்தில் கொடுங்கள். ஆனால் சிவப்புச் சிராப் தண்ணீர் பிரசாதம் அல்லவே! அதற்குப் பதில் நீர்மோர் கொடுக்கலாம். இரண்டு காய், ஒரு கீரை, ஒரு சுண்டல் இலையில் இருக்கட்டும்.

மூன்றாவது, பள்ளிப் பிள்ளைகளின் காலை உணவு. பட்டியலில் இல்லாத பிள்ளைகளுக்கும் சேர்த்து எல்லாருக்கும் வாரத்தில் ஒரு நாளாவது, பள்ளி நிர்வாகத்தின் அனுமதியோடு, ஆலயம் காலை உணவு வழங்கலாம். எல்லாரும் ஒரே மேசையில். காமராசர் காலத்து ஊர்மக்கள் அப்படித்தான் தொடங்கினார்கள்.

நான்காவது, ஆவணம். அரசாங்க உதவிக்குப் பதியத் தெரியாதவர்களுக்கும், பிறப்புப் பத்திரம், குடியுரிமைச் சிக்கல் உள்ளவர்களுக்கும் மாதம் ஒரு ஞாயிறு பூசைக்குப் பின் இந்த மண்டபத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்போம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நாலைந்து பேர் இருக்கிறோம். பெயரை விடுவதற்குப் பயன்பட்ட பேனா, இனிப் பெயரைச் சேர்ப்பதற்குப் பயன்படட்டும்.

இவற்றைச் செய்துவிட்டால் அரசாங்கத்தின் கடமை தீர்ந்துவிடாது. ஓர் ஆலயம் ஒரு தீவின் பிள்ளைகளுக்கு ஒரு நாள் சோறு போடலாம். நாடு முழுவதும் எல்லா நாளும் போடுவதற்கு அரசாங்கத்தால்தான் முடியும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் காலை உணவு என்ற திட்டத்தை மறுபடியும் கையில் எடுக்குமாறு நம் ஆலயங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் சேர்ந்து கேட்க வேண்டும். அது பிச்சை கேட்பதாகாது. வரி கட்டும் மக்கள் தம் பிள்ளைகளுக்காகக் கேட்பது. செலவு பெரிதுதான். மீதமாகி வீணாகும் உணவும் இருக்கும். ஆனால் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்துக்கும் வெட்டி எடுத்த காலுக்கும் அரசாங்கம் செலவழிக்கத்தானே செய்கிறது? அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நாற்பது ஆண்டுக்கு முன்னதாகவே அவித்த முட்டையாகக் கொடுத்துவிடலாம் என்பதே என் வாதம்.

குழாயடியில் நின்ற அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். ஆறாம் வகுப்போடு அவன் படிப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது. பிறகு அவனும் குலை வெட்டப் போனான். நான் எழுதிய பட்டியலால்தான் அப்படி ஆயிற்று என்று சொல்ல மாட்டேன்; வாழ்க்கையில் காரணங்கள் பல. ஆனால் அந்த ஓராண்டின் பசிக்கு நான் பதில் சொல்ல வேண்டியவன். சில ஆண்டுகளுக்கு முன் அவர் தம் பேத்தியோடு நம் திருவிழாவுக்கு வந்திருந்தார். நான் சாம்பார் வாளியோடு பந்தியில் நின்றேன். "சார், பேத்திக்கு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றார். ஊற்றினேன். நன்றாகச் சாப்பிட்டது குழந்தை.

அந்தப் பேத்திக்கு நாளை பள்ளியிலும் அப்படி ஓர் இலை வேண்டும் என்று அம்பாளை வேண்டுகிறேன்.